காவலோடு நடப்பது எப்படி? புதிய கிளெரிக்குகளுக்கு

மேசையில் உட்கார்ந்து பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட வரும் புதியவர்களிடம் "நீங்கள் கிளெரிக் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடும். கிளெரிக் என்றால் தெய்வத்தின் பெயரால் மந்திரம் போடும் பாத்திரம். மற்றவர்கள் சண்டை போட, நாம் பின்னால் நின்று மருந்து போட வேண்டுமா என்ற கவலை. நான் சொல்வது ஒன்றுதான்: ஐந்தாம் லெவல் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஸ்பிரிட் கார்டியன்ஸ் என்று ஒரு மந்திரம் இருக்கிறது. காவல் ஆவிகளைக் கூப்பிட்டு நம்மைச் சுற்றி நிறுத்திக்கொள்ளும் மந்திரம்.

எங்கள் ஆட்டம் பெங்களூரில், அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு மாடி வீட்டில், ஞாயிறு மதியங்களில் நடக்கிறது. (18 வருடம் மூடிக் கிடந்து 2009இல் திறந்தார்களே, அதே சிலைதான்.) மேசையில் ஆறு பேர். ஐந்து பேர் தமிழ், ஒருவர் கன்னடம், ஆட்டம் மூன்று மொழியிலும் ஓடும். மூன்று வருடமாக அங்கே நான் கிளெரிக். செய்யக்கூடாத தப்பையெல்லாம் வரிசையாகச் செய்து முடித்திருக்கிறேன், அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

முதலில், எந்தப் பதிப்பு?

மந்திரத்தைப் படிக்கும் முன்பே ஆட்டத்தை நடத்தும் டி.எம்.மிடம் கேட்டுவிடுங்கள்: 2014 விதியா, 2024 விதியா? இரண்டுக்கும் பெயர் ஒன்று, தாக்கும் நேரம் வேறு. புத்தகம் வாங்கக் காசு இல்லையே என்று தயங்க வேண்டாம். அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக விட்டுவிட்டார்கள். ஸ்பிரிட் கார்டியன்ஸ் அதில் இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவில் போனில் தேடுகிறவருக்காக ஐந்து பேர் காத்திருப்பது நன்றாக இருக்காது.

மந்திரம் என்ன செய்கிறது

மூன்றாம் நிலை மந்திரம் (லெவல் என்பது நம் பாத்திரத்தின் படி, நிலை என்பது மந்திரத்தின் படி). போட உங்கள் முறையின் முக்கியச் செயல், அதாவது ஓர் ஆக்‌ஷன் ஆகும். உங்களைச் சுற்றி 15 அடிக்கு ஆவிகள் சுழலும், நீங்கள் நடந்தால் கூடவே நடக்கும். அதிகபட்சம் பத்து நிமிடம் நிற்கும். ஒரு ரவுண்டு (எல்லாரும் ஒரு முறை ஆடும் சுற்று) ஆறு விநாடி என்று கணக்குப் பார்த்தால் நூறு ரவுண்டு. எந்தச் சண்டையும் அவ்வளவு நேரம் போகாது.

அந்த வட்டத்துக்குள் எதிரியின் வேகம் பாதியாகிவிடும். அவர் விஸ்டம் சேவ், அதாவது மன உறுதியால் தப்பிக்கப் பார்க்கும் இருபது முகப் பகடை, உருட்ட வேண்டும். தோற்றால் மூன்று எட்டு முகப் பகடை அளவு அடி (தூரக் கணக்கு இல்லை, உயிர்ப் புள்ளியில் குறைவது), சராசரி 13.5. ஜெயித்தாலும் பாதி அடி உண்டு. நீங்கள் நல்லவராகவோ நடுநிலையாகவோ இருந்தால் அது ஒளி அடி, கெட்டவராக இருந்தால் நெக்ராட்டிக் (அழிவு) அடி. மேல்நிலை ஸ்லாட்டில் (மந்திரம் போடச் செலவாகும் வாய்ப்பு) போட்டால் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பகடை கூடும்.

தாக்கும் நேரத்தில்தான் பதிப்பு பார்க்க வேண்டும். 2014 விதியில், எதிரி தன் டர்னை (தன் ஆட்ட முறையை) வட்டத்துக்குள் தொடங்கினாலோ, ஒரு டர்னில் முதல்முறையாக உள்ளே நுழைந்தாலோ அடி. நீங்கள் நடந்து போய் வட்டத்தை அவர் மேல் சாய்த்தால் உடனே அடி விழாது, அவர் டர்ன் வரும்வரை பொறுக்க வேண்டும். 2024 விதியில் வட்டம் அவர் மேல் பட்டதுமே சேவ். அதோடு அவர் உள்ளே நுழைந்தாலும், டர்னை உள்ளே முடித்தாலும் சேவ். ஆனால் ஒரு டர்னுக்கு ஒரு தடவைக்கு மேல் கிடையாது.

"மூன்றாம் நிலையில் ஃபயர்பால் சராசரி 28 அடிக்கிறதே, இது 13தானே?" என்று விசார்டு (மந்திரவாதி) ஆடும் நண்பர் கேட்பார். கேட்கட்டும். அவருடையது ஒரு தடவை வெடித்தால் தீர்ந்தது. நம்முடையது ஒவ்வொரு ரவுண்டும் ஒவ்வொரு எதிரிக்கும் தனித்தனியாக விழுகிறது.

கணக்கோடு ஓர் உதாரணம். பாழடைந்த கோயில் தாழ்வாரம், ஆறு ஸாம்பிகள். உங்கள் விஸ்டம் 18 என்றால், ஐந்தாம் லெவலில் எதிரி ஜெயிக்க வேண்டிய எண் 15. (எட்டோடு அந்த லெவலின் தேர்ச்சிக் கூட்டெண் 3, விஸ்டம் 18க்கான கூட்டெண் 4. எப்போதும் இப்படித்தான் கூட்ட வேண்டும்.) 2014 புத்தகத்து ஸாம்பிக்கு 22 எச்.பி. (உயிர்ப் புள்ளி), விஸ்டம் சேவில் கூட்ட ஒன்றுமில்லை. நூற்றுக்கு எழுபது தடவை தோற்கும். சராசரியாக ஒரு ரவுண்டுக்குப் பதினொன்றரை அடி, இரண்டு ரவுண்டில் ஸாம்பி காலி. சாதாரணமாக ஸாம்பியை அடித்து வீழ்த்தினாலும் ஒரு சேவ் போட்டு எழுந்து நிற்கும், அந்த எரிச்சல் ஆடியவர்களுக்குத் தெரியும். ஒளி அடிக்கு அந்தச் சலுகை கிடையாது, விழுந்தால் விழுந்ததுதான்.

காவலுக்கு உருவம் கொடுங்கள்

ஆவிகள் பார்க்க எப்படி இருக்கும் என்பது உங்கள் விருப்பம். தேவதை போலவோ வனதேவதை போலவோ என்று விதி சொல்கிறது, கெட்டவர் என்றால் பேய் உருவம். அடியும் தூரமும் இதனால் மாறாது. ஆனாலும் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். "சிறகு முளைத்த வெள்ளைக்காரத் தேவதைகள் வருகிறார்கள்" என்று நான் முதல் நாள் சொன்னபோது மேசையில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மாற்றினேன். முதலில் தூரத்தில் சலங்கைச் சத்தம். அப்புறம் நாய் குரைப்பு. சுருட்டு வாசனை. மண் குதிரைகள் நிஜக் குதிரைகளாகி வட்டமடிக்க, முறுக்கிய மீசையும் வீச்சரிவாளுமாக ஏழு பேர். டி.எம். அண்ணா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கன்னட நண்பர், "இது எங்க தெரு முனேஷ்வரா மாதிரியே இருக்கே" என்றார். பெங்களூரில் எத்தனை முக்கில் முனேஷ்வரர் உட்கார்ந்திருக்கிறார் என்று வண்டியில் போகும்போது எண்ணிப் பாருங்கள். புது பைக்குக்கு எலுமிச்சம்பழம் வைக்கப் போன அனுபவம் பலருக்கும் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் மேசையில் ஒருவருக்குக் கருப்பசாமி குலதெய்வம். "விளையாட்டுல அந்தப் பேரை மட்டும் சொல்லாதீங்கக்கா, எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றான். நியாயம்தானே. அன்றிலிருந்து பெயர் கிடையாது, "குதிரைக்காரர்கள்" என்று மட்டும் சொல்கிறோம். உங்கள் மேசையிலும் ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். நடுவில் கேட்டால் யாரும் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

கிளம்பும் முன்

கையில் தெய்வச் சின்னம் வேண்டும். அதைக் கேடயத்தின் மேலேயே பொறித்துக்கொண்டால், ஒரு கையில் ஆயுதம் மறு கையில் கேடயம் என்று இருக்கும்போதே இந்த மந்திரத்தைப் போடலாம்.

ஐந்தாம் லெவலில் மூன்றாம் நிலை ஸ்லாட் இரண்டே இரண்டு. செத்துப்போன நண்பனை ஒரு நிமிடத்துக்குள் எழுப்பும் ரிவிவிஃபையும் அதே நிலைதான், 300 பொன் மதிப்புள்ள வைரமும் அதற்கு வேண்டும். ஆகவே உண்மையில் உங்கள் கையில் இருப்பது ஒரு காவல், ஓர் உயிர். இரண்டையும் காவலுக்கே செலவழிக்கும் துணிச்சல்காரர்கள் இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை.

கட்டம் போட்ட தாளில் ஆடுகிறீர்கள் என்றால் ஒரு சட்டம் செய்துகொள்ளுங்கள். ஒரு கட்டம் ஐந்து அடி. நீங்கள் நிற்கும் கட்டத்திலிருந்து எல்லாப் பக்கமும் மூன்று கட்டம், ஆக ஏழுக்கு ஏழு. பழைய மின்கம்பியை ஏழு அங்குலச் சதுரமாக வளைத்தால் போதும். மூலைக் கட்டங்கள் சேர்த்தியா என்று டி.எம்.மைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது இல்லாத வாரங்களில் "அவன் உள்ளே இருக்கிறான், இல்லை" என்று கத்தியே பாதி நேரம் போனது.

போடும் போது

கதவைத் திறப்பதற்கு முன் போடுங்கள். உள்ளே எதிரி இருப்பது உறுதி என்றால், வெளியே நின்றபடியே மந்திரத்தைச் சொல்லிவிட்டு நுழையுங்கள். சண்டையின் முதல் ஆக்‌ஷன் மிச்சம். மந்திரத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதால் உள்ளே கேட்டுவிடலாம், அது டி.எம். முடிவு. பத்து நிமிடம் இருப்பதால் அடுத்த அறைக்கும் இதையே இழுத்துக்கொண்டு போகலாம். ஆனால் நடுவில் நம் கூட்டத்துத் திருடன் ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் காவல் போய்விடும். "முதல்ல வேலை, அப்புறம் பெட்டி" என்று சொல்லி வையுங்கள்.

போடும் அந்த நொடியில், யாரை விட்டுவிட வேண்டும் என்று சொல்ல வேண்டும். எத்தனை பேரை வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் 2014 விதியில் அவர்கள் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்போது சொல்லாததைப் பிறகு சேர்க்க முடியாது.

இதில்தான் என் பெரிய தப்பு. கே.ஜி.எஃப்.பிலிருந்து ரயில் ஏறி ஆட வரும் தம்பி ஒருவன், எங்கள் கூட்டத்துத் திருடன். விசார்டு அவனை மாயமாக்கி முன்னால் அனுப்பியிருந்தார். நான் குதிரைக்காரர்களைக் கூப்பிட்டேன், கண்ணுக்குத் தெரிந்த நாலு பேரையும் விட்டுவிடச் சொன்னேன். அவன் கண்ணுக்குத் தெரியவே இல்லையே. அவன் டர்ன் வந்தது, சேவ் தோற்றான், 14 அடி, ஏற்கெனவே அடிபட்டிருந்தவன் சுருண்டு விழுந்தான். "அக்கா, நான் நம்ம ஆளுக்கா" என்று அவன் சொன்னது இப்போதும் எங்கள் மேசையில் பழமொழி. நண்பன் மறைந்திருந்தால் காவலைத் தள்ளிப் போடுங்கள், இல்லை அவனிருக்கும் பக்கம் போகாதீர்கள்.

சந்தை, திருவிழா மாதிரி கூட்டமான இடத்தில் போடுவதற்கு முன் பூக்காரம்மா, குழந்தைகள், கழுதை எல்லாரையும் சேர்த்து விட்டுவிடச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், ஒரு ஊரே நமக்கு எதிரியாகிவிடும்.

நடங்கள்

புதியவர்கள் எல்லாரும் செய்வது ஒன்று உண்டு. பாதுகாப்பு மந்திரம் என்று பெயரைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் நின்று போடுவார்கள். எதிரி நாற்பது அடி தள்ளி நிற்பார். ஆவிகள் வெறுங்காற்றைச் சுற்றிக்கொண்டிருக்கும். காவல் உங்களைச் சுற்றித்தான் இருக்கிறது. நீங்கள் எதிரி நடுவில் போய் நின்றால்தான் அதற்கு வேலை. நம்மை ஒளித்து வைக்கும் மந்திரம் இல்லை இது, நம்மை முன்னால் தள்ளும் மந்திரம். எனக்கு இது உறைக்கவே நாலு மாதம் ஆனது. கவசமும் கேடயமும் கிளெரிக்குகளுக்கு ஏன் கொடுத்திருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

வாசல், பாலம், குறுகிய சந்து கிடைத்தால் அங்கே போய் நில்லுங்கள். சில்க் போர்டு சிக்னலில் மாட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, வேகம் பாதியானவர்கள் ஒரு குறுகலான வழியில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று. ஸாம்பியின் வேகம் 20 அடி, வட்டத்துக்குள் அது பத்து, அதாவது இரண்டே கட்டம்.

நண்பர்களையும் வேலை வாங்கலாம். 2014 விதியில், வெளியே நிற்கும் எதிரியை உங்கள் ஃபைட்டர் (சண்டைக்காரர்) வட்டத்துக்குள் தள்ளிவிட்டால், ஃபைட்டரின் டர்னிலேயே ஓர் அடி. பிறகு எதிரி தன் டர்னை உள்ளேயே தொடங்கினால் இன்னோர் அடி. எங்கள் மேசையில் சேலத்துக்காரர் ஒருவர் இதற்காகவே ஃபைட்டர் ஆடுகிறார். தள்ளுவதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

தூரத்தில் நின்று அம்பு விடுகிறவர்கள், பறக்கிறவர்கள் என்றால் இந்த மந்திரத்தை மறந்துவிடுங்கள். துரத்திக்கொண்டு ஓடுவதிலேயே சண்டை முடிந்துவிடும்.

காவல் கலையாமல் பிடித்து வைப்பது

கான்சன்ட்ரேஷன் (மந்திரம் கலையாமல் மனதை அதிலேயே வைத்திருப்பது) என்ற சொல் மந்திரத்தின் பக்கத்தில் இருக்கும். அதைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். அது தேவைப்படும் இன்னொரு மந்திரத்தைப் போட்ட கணமே காவல் போய்விடும். பிளெஸ், ஷீல்டு ஆஃப் ஃபெய்த், ஹோல்டு பர்சன் மூன்றுக்கும் அது தேவை. என் இரண்டாவது ஆட்டத்தில், குதிரைக்காரர்கள் பிரமாதமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, நல்லெண்ணத்தில் எல்லாருக்கும் பிளெஸ் போட்டேன். டி.எம். அண்ணா மெதுவாக, "குதிரையெல்லாம் ஊருக்குத் திரும்பிடுச்சும்மா" என்றார்.

ஸ்பிரிச்சுவல் வெப்பன் என்ற மந்திரத்தில் கவனம். 2014 விதியில் அதற்குக் கான்சன்ட்ரேஷன் தேவையில்லை, முதல் டர்னில் காவல், அடுத்த டர்னில் அந்த ஆயுதம் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். 2024இல் அதற்கும் தேவை, ஆகவே இரண்டில் ஒன்றுதான். பழைய ஆட்டக்காரர்களின் ஆலோசனையை அப்படியே கேட்டு நடப்பவர்கள் இங்கே வழுக்கி விழுகிறார்கள்.

அடுத்தது அடி வாங்குவது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவ், பத்தோ, வாங்கிய அடியில் பாதியோ, எது பெரிதோ அதை எட்ட வேண்டும், எட்டாவிட்டால் காவல் கலைந்துவிடும். அதாவது ஒரே அடியில் 21 வரை வாங்கினாலும் பத்துதான் இலக்கு. கான்ஸ்டிட்யூஷன் 14 என்றால் ஓர் அடியைத் தாங்க வாய்ப்பு 65 சதவீதம். பரவாயில்லையே என்று தோன்றும். மூன்று சின்ன அடி வாங்கிப் பாருங்கள், மூன்றையும் தாங்கும் வாய்ப்பு 27 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ராட்சசனின் கதாயுதத்தைவிடக் குட்டிக் குட்டியாகக் கடிக்கும் எலிக்கூட்டம்தான் நமக்கு ஆபத்து.

நாலாம் லெவலில் ஃபீட் (கூடுதல் திறமை) எடுக்கும் வாய்ப்பு இருந்தால் வார் காஸ்டர் எடுத்துவிடுங்கள். இந்தச் சேவுக்கு இரண்டு பகடை உருட்டி நல்லதை வைத்துக்கொள்ளலாம், 65 என்பது 88 ஆகிவிடும். ரெசிலியன்ட் எடுத்தால் அதே கணக்கு 80, லெவல் ஏற ஏற அது கூடிக்கொண்டே போகும். பத்தாம் லெவலைத் தாண்டி ஆடப்போகிறோம் என்று நிச்சயமாகத் தெரிந்தால் ரெசிலியன்டுக்கும் வாதம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்கள் அவ்வளவு தூரம் போவது அபூர்வம்.

எதுவும் எடுக்கவில்லையா? இலவசமாக ஒன்று இருக்கிறது, டாட்ஜ். காவலைப் போட்ட பிறகு வரும் டர்ன்களில் எதிரி நடுவில் போய் நின்று "டாட்ஜ் செய்கிறேன்" என்று சொல்லுங்கள். உங்களைப் பார்த்து அடிக்கிற எல்லாருக்கும் இரண்டு பகடையில் மோசமானது. பார்க்க சோம்பேறித்தனம் போல இருக்கும். சேக்ரட் ஃபிளேம் என்ற மந்திரத்தைப் போட்டால் ஐந்தாம் லெவலில் ஓர் எதிரிக்கு சராசரி ஒன்பது அடி கிடைக்குமே என்று மனசு அடித்துக்கொள்ளும். நாலு பேருக்கு நடுவில் நிற்கும்போது அந்த ஒன்பதுக்கு ஆசைப்பட்டுக் காவலை இழக்காதீர்கள். ஒருவர் மட்டும் மிச்சம் என்றால் தாராளமாகப் போடுங்கள்.

ஏழாம் லெவலில் எல்லைச்சாமி

கார்டியன் ஆஃப் ஃபெய்த் என்று நாலாம் நிலையில் ஒன்று வரும். பெயரைப் பார்த்து இதன் அண்ணன் என்று நினைத்துவிடாதீர்கள், குணம் வேறு. இது உங்களோடு நடக்காது. வைத்த இடத்திலேயே நிற்கும், ஊர் எல்லையில் உட்கார்ந்திருப்பாரே, அவரைப் போல. பத்து அடிக்குள் வரும் எதிரி டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவ் தோற்றால் 20 அடி வாங்குவார், ஜெயித்தால் பத்து. மொத்தம் 60 அடி கொடுத்ததும் மறைந்துவிடும். கான்சன்ட்ரேஷன் வேண்டாம், எட்டு மணி நேரம் நிற்கும். எட்டு மணி நேரம் என்பது சரியாக ஒரு நீண்ட ஓய்வு. சண்டையில் இதைப் போட்டு வீணாக்காமல், இரவு முகாம் போடும் குகை வாசலில் நிறுத்திவிட்டுத் தூங்குங்கள். காலையில் ஸ்லாட் எப்படியும் திரும்ப வந்துவிடும்.

ஒன்று பாக்கி. 2014 விதியில் எதிரியின் டர்ன் தொடங்கும்போது அடி என்பதை டி.எம். மறந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, பத்து எதிரிகளை ஒரே ஆள் ஆட்டுகிறார். நினைவுபடுத்துவது நம் வேலை. முதலில் நான் கை தூக்கினேன், கவனிக்கவில்லை. அப்புறம் பூஜை அறை மணியைக் கொண்டுபோனேன், அடுத்த வாரமே அம்மா திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். இப்போது ஒரு பழைய சைக்கிள் மணி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு எதிரியின் டர்னுக்கும் ஒரு தட்டு. கீழ்வீட்டுக்காரர் மட்டும் ஒரு தடவை மேலே வந்து, யார் வீட்டுக்குள் சைக்கிள் ஓட்டுவது என்று கேட்டுவிட்டுப் போனார்.